குவீனின் கவனிக்கப்படாத முதல் ஆல்பம்

லண்டன் ராக் இசைக்குழு குவீனின் முதல் ஆல்பம் 1973 ஜூலையில் வெளியானது. குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். டிரைடென்ட் ஸ்டூடியோவில் மற்றவர்கள் வேலை முடித்துக் கிளம்பிய பிறகு கிடைத்த நேரத்தில்தான் பெரும்பாலான பதிவு நடந்தது. 'கீப் யுவர்செல்ஃப் அலைவ்' சிங்கிள் பிரிட்டிஷ் தரவரிசையில் இடம்பெறவே இல்லை.

அந்தப் பாடலின் தொடக்கத்தை மட்டும் கேட்டாலே போதும், அதைக் கவனிக்காமல் விட்டதன் அநீதி புரியும். குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிதார் முதலில் தனியே ஒலிக்கிறது. பிறகு அதன்மேல் அடுக்கடுக்காகக் கிதார்கள் ஏறுகின்றன. சின்தசைசர் யாரும் வாசிக்கவில்லை என்று ஆல்பத்தின் உறையிலேயே அச்சிட்டார்கள். பின்னாளில் உலகம் கொண்டாடிய குரல் அடுக்குகளும் இந்த ஆல்பத்திலேயே இருக்கின்றன.

குறை டிரம் ஒலியில்தான். அது மந்தமாகப் பதிவானது குழுவின் டிரம்மர் ரோஜர் டெய்லருக்குப் பிடிக்கவில்லை. 2024-இல் வந்த புதிய ஒலிக்கலவை அதைச் சரிசெய்தது. விடுபட்டிருந்த 'மேட் த ஸ்வைன்' பாடலும் ஆல்பத்தில் சேர்ந்தது.