பட்டத்துக்குப் பிறகு – 9: இரண்டாவது விருப்பம்

சென்ற வாரம் முதல் சம்பளத்தைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம், பட்டமளிப்பு விழா மேடைகளில் சிறப்பு விருந்தினர்கள் தவறாமல் சொல்லிவிட்டுப் போகும் அந்தப் புத்திமதி: 'மனசுக்குப் பிடித்த வேலையைச் செய்யுங்கள்.'

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹாஸ்டல், அரியர், கேம்பஸ் இன்டர்வியூ தவிர வேறெதையும் பார்த்திராத 21 வயதில், எது பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? எதிலும் தனக்குத் தனி ஆசை இல்லையே என்று பிள்ளைகள் குமைவதற்கு இந்தப் புத்திமதியும் ஒரு காரணம் என்பேன்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1918இல் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லியில் 1944இல் டாக்டரானார். அவருக்கு என்ன பிடிக்கும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. பிரசவ மருத்துவம். உறவுப் பெண்கள் சிலர் பிரசவத்தில் இறந்ததைச் சிறுவயதில் அறிந்தவர். அதற்காகவே மருத்துவம் படிக்க வந்தவர்.

ராணுவ மருத்துவப் பணியில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. 1948இல் ராணுவத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள். நீண்ட காலம் படுக்கைதான். எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாகக் கோணிப் போயிருந்தன. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியாது.

கண் மருத்துவத்துக்கு அவர் வந்து சேர்ந்தது அப்படித்தான். முதல் ஆசை மூடிய பிறகு திறந்திருந்த கதவு அது. கோணிய விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கு மேல். அத்தனை கண்களைத் திறந்தவருக்கு அந்த வேலை பிடிக்காமலா இருந்திருக்கும்? கை பழகப் பழக, பார்வை திரும்பியவர்களின் முகத்தைப் பார்க்கப் பார்க்க, பிடிப்பு பின்னால் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1976இல்தான் தொடங்குகிறார்கள். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு, உடனே மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை. சுவையான கதைதான். எனக்கென்னவோ அதற்கு முந்தைய 20 வருஷங்கள்மேல்தான் கண். 1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். காலையில் போய், கையெழுத்துப் போட்டு, மாதச் சம்பளம் வாங்கும் அரசு வேலை. அந்த வேலையில் இருந்துகொண்டே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். கண்புரை வந்த கிழவர் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம் பயம் மட்டுமல்ல, பஸ் காசும், ஒருநாள் கூலியும், துணைக்கு ஆள் இல்லாததும்தான் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். 1973இல் பத்மஸ்ரீயும் வந்துவிட்டது. ஊர் சொல்லும் 'செட்டில்' ஆவது அவர் விஷயத்தில் அப்போதே முடிந்தாயிற்று.

அரவிந்த் தர்மத்தை நம்பி நடந்த இடமுமல்ல. கட்டணம் கொடுக்க முடிந்தவர் கொடுத்தார். அந்த வருமானத்தில் முடியாதவருக்கு இலவச சிகிச்சை நடந்தது. அறுவை சிகிச்சை அரங்கில் அடுத்தடுத்து இரண்டு மேசைகள்: டாக்டர் ஒன்றை முடித்துத் திரும்பும்போது அடுத்த நோயாளி தயாராக இருப்பார். தயார் செய்பவர்கள் அங்கேயே பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள். வெளிநாட்டு விழிலென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது, 1992இல் ஆரோலாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி மிகக் குறைந்த விலையில் இங்கேயே செய்தார்கள். மறுவருஷம் ஹார்வர்ட் வணிகப் பள்ளி அரவிந்தைப் பாடமாக எழுதியது. சேவை என்றால் கணக்குப் பார்க்கக்கூடாது என்று நினைக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

டாக்டரின் கதையைக் கேட்டு, கிடைத்த வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் கம்பெனி, மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைக்கும் கம்பெனி, இவற்றிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறீர்களோ அவ்வளவு நல்லது. நான் சொல்வது வேறு வேலையைப் பற்றி. சம்பளம் ஒழுங்காக வருகிறது, ஆனால் கனவு கண்டது இதை அல்ல. கோடிங் ஆசையோடு வந்தவரை டெஸ்டிங்கில் போட்டிருக்கிறார்கள், அல்லது மெக்கானிக்கல் படித்தவர் கடன் வசூல் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே பிடிக்கிறதா என்று தினமும் மனசைக் கேட்டால் தினமும் ஒரே பதில்தான் வரும். ஆறு மாதத்துக்கு முன்பு தெரியாத எது இன்று தெரிகிறது, சொல்லிக்கொடுக்க மேலே ஒரு ஆளாவது இருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் ரெஸ்யூமே எழுதத் தொடங்கலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால், அக்கம்பக்கத்தில் உங்கள் வேலையால் யாருக்கு என்ன நடக்கிறது என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்த வாரம்: வீடே டி.என்.பி.எஸ்.சி. எழுதச் சொல்கிறது. எழுதலாமா, எத்தனை வருஷம்?

(தொடரும்)