செக்ரோல் முதல் சேமலாப நிதி வரை



"ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருச்சு, இனிமே கணக்கு பிசகாது" என்று லயத்துப் பக்கம் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். இது பாதி உண்மைதான். எழுதிக் கொடுத்ததைத்தான் கம்ப்யூட்டர் கூட்டும். சிட்டையில் 16 கிலோ என்று இருந்தால், நீங்கள் 18 கிலோ பறித்தது அதற்குத் தெரியாது.

ஒரு நிறுவனத்தை நடத்தத் தேவையான விவரங்களைச் சேர்த்து, சரிபார்த்து, உரிய நேரத்தில் உரியவர் கையில் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு 'முகாமைத்துவத் தகவல் முறைமை' என்று பெயர். பெயர்தான் பெரிசு, விஷயம் நமக்குப் பழக்கமானதே. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் பதிவது, மடுவத்தில் கொழுந்து நிறுப்பது, செக்ரோல், சம்பளச் சீட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அது.

இதைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கம்ப்யூட்டர் வாங்கப் போகக்கூடாது. நான்கு கேள்விகளுக்குப் பதில் தேட வேண்டும்.

1. இந்த விவரம் எதற்குத் தேவை?
2. அதை எங்கே, யார் எழுதுகிறார்?
3. யார் சரிபார்க்கிறார்?
4. பிழை இருந்தால் யாரிடம் சொல்வது?

கொழுந்து நிறையை எடுத்துப் பாருங்கள். அதே எண்ணை வைத்துத்தான் உங்கள் சம்பளம் போடுகிறார்கள். எந்த மலையில் எவ்வளவு விளைந்தது, அடுத்த ரவுண்ட் எப்போது என்று தொரை முடிவு செய்வதும் அதை வைத்துத்தான். தராசடியில் விழுந்த பிழை இரண்டு பக்கமும் போகும். அங்கேயே பார்த்துச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் திருந்தும். மூன்று மாதம் கழித்துச் சொன்னால், "அப்ப ஏம்மா சொல்லல?" என்றுதான் கேட்பார்கள்.

சில பிழைகள் பல வருஷம் கழித்தே தெரியவரும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. தோட்டம் 12 வீதம் போட வேண்டும். சேமலாப நிதிக்குக் கணக்கெடுக்கும் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு 1,600, தோட்டத்தின் பங்கு 2,400. அந்த மாதம் நம் பேரில் 4,000 ரூபாய் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டம் தனியாக 3 வீதம் செலுத்த வேண்டும். அதை நம் சம்பளத்தில் கழிக்கக்கூடாது.

இந்தப் பணமெல்லாம் பேரையும் இலக்கத்தையும் பார்த்துத்தான் வந்து சேரும். அடையாள அட்டையில் 'முத்துலெட்சுமி', செக்ரோலில் 'முத்தம்மா' என்றிருந்தால் நமக்கு ஒரே ஆள்தான். ஆபீஸ் கணக்குக்கு அவர்கள் இரண்டு பேர்! பணம் எடுக்கப் போகும் வயதில், "ரெண்டும் நான்தாங்க" என்று கடுதாசிக்கு மேல் கடுதாசியாகக் காட்டி அலைய வேண்டி வரும்.

சேவைக்காலமும் அப்படித்தான். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் கணக்காகிறது. வேலைக்குச் சேர்ந்த திகதி இரண்டு வருஷம் பிந்திப் பதிவானால் 28 நாள் உழைப்பின் காசு போய்விடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

• நிறுக்கும்போது கிலோவைக் கேட்டு, வீட்டில் ஒரு கொப்பியில் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள்.
• சம்பளச் சீட்டில் பேர் நாள், கிலோ, கழிவுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டை எறிய வேண்டாம்.
• அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், செக்ரோல், சேமலாப நிதி நான்கிலும் பேர் ஒன்றா என்று இப்போதே பாருங்கள்.
• பிழை இருந்தால் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைக் கேட்பது சண்டை பிடிப்பதல்ல. பிழையைச் சொல்ல ஆள் இருந்தால்தான் எந்த முறைமையும் சரியாக நடக்கும். இந்தச் சம்பள நாளில் சீட்டை மடித்து வைக்குமுன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.