வேக சர்வீஸ்: ஓங்கி அடித்தால் வராது!

டேபிள் டென்னிஸில் எதிராளியின் தயவில்லாமல் நாம் அடிக்கும் ஒரே அடி சர்வீஸ்தான். இலத்தூரில் ஜோடி கிடைக்காத பிள்ளைகூட ஒரு மேஜையும் பத்துப் பந்தும் இருந்தால் தனியாகவே பழகிவிடலாம்.

வேகம் வேண்டுமென்று ஓங்கி அடித்தால் பந்து மேஜையைத் தாண்டி ஓடும். சூட்சுமம், பந்து முதலில் எங்கே குத்துகிறது என்பதில் இருக்கிறது. மேஜையின் நீளம் 2.74 மீட்டர். நம் பக்கத்து விளிம்பை ஒட்டிக் குத்தினால்தான் 15.25 செ.மீ. வலையைத் தாழ்வாகத் தாண்டி, எதிர் விளிம்பருகே விழ பந்துக்கு இடம் கிடைக்கும். விரித்த உள்ளங்கையிலிருந்து 16 செ.மீ.யாவது மேலே போட வேண்டும் என்பது விதி. போட்ட பந்து கிட்டத்தட்ட வலை உயரத்துக்கு இறங்கும்வரை பொறுங்கள். பலரும் சறுக்குவது இந்தப் பொறுமையில்தான். மேலேயே தொட்டால் பந்து துள்ளி, எதிராளிக்கு விருந்தாகிவிடும்.

குறி? எதிராளி பேட் பிடித்த கையின் முழங்கை. ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவர் ஒரு கணம் திணறுவார்.

நம்ம சென்னை சரத் கமல் 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் 40 வயதில் ஒற்றையர் தங்கம் வென்றார். அந்தத் தர ஆட்டங்களை யூடியூபில் பாருங்கள்; பெரும்பாலும் வலையருகே குட்டை சர்வீஸ்தான். அதே கையசைவில் எப்போதாவது ஒன்றுதான் நீளமாகப் பாயும். அடிக்கடி போட்டால் காத்திருந்து விளாசிவிடுவார்கள்.