நாவலப்பிட்டியும் பாட்டுப் புத்தகமும்

கண்டியில் ரயிலேறி பேராதனை, கம்பளை தாண்டினால் நாவலப்பிட்டி. 1917 ஜனவரி 17 அன்று எம்.ஜி.ஆர். பிறந்த ஊர். அந்தப் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டிக்குள் அவர் படம் கிடந்தால் அதில் என்ன வியப்பு?

நட்சத்திரப் படங்களைச் சேர்ப்போர் விடாமல் தேடும் இன்னொன்று, படமாளிகைகளில் சில்லறைக்கு விற்ற பாட்டுப் புத்தகம். நடிகர் பட்டியல், பாடல்கள், கதைச்சுருக்கம் எல்லாம் அதில் உண்டு. கதை மட்டும் பாதியில் நிற்கும்: மீதியை வெள்ளித்திரையில் காண்க! கெட்டிக்கார வியாபாரம்தான். இத்தகைய காகிதங்களுக்கும் மதிப்பு உண்டு: சென்னையில் பிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுக்கச் சேர்த்த திரைப்பட ஆவணங்களைத் தமிழ்நாடு அரசே வாங்கிக்கொண்டது.

உங்களிடமும் பழைய பாட்டுப் புத்தகம் இருக்கிறதா? கண்டி மழையின் ஈரத்தில் காகிதம் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக வெயிலில் காயவைத்தால் சாயம் வெளுத்துவிடும். நிழலில், காற்றோட்டமாக, சுவரை ஒட்டாமல் வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தையே கெடுக்கும். முன்னட்டைப் படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போடவும் வேண்டாம். எந்த அச்சகத்தில் அச்சானது என்ற விவரம் பெரும்பாலும் பின்னட்டையின் அடியில், பொடி எழுத்தில் இருக்கும்; அட்டையை வெட்டிப் பிரித்தால் அது தொலைந்துபோகும்.