வெள்ளி நிஜம், வருஷம் பொய்

மும்பை சோர் பஜாரில் பழைய கிராமபோன்களுக்கும் பித்தளை விளக்குகளுக்கும் நடுவே ஒரு தட்டு நிறைய வெள்ளி ரூபாய்கள். வாடிக்கையாளர் ஒன்றை எடுத்துப் புரட்டுகிறார். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னர், மறுபக்கம் 1939. சேகரிப்பாளருக்குக் கை நடுங்க வேண்டிய தருணம். அனுபவசாலி என்றால் நடுங்காது. சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பார்.

காரணம் இருக்கிறது. 1938-ம் ஆண்டு ரூபாய் சாதாரணமாகக் கிடைக்கும். 1939 மிக அபூர்வம், லட்சங்களில் பேசப்படுவது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் இலக்கம். 8-ஐச் சுரண்டி 9 ஆக்குவது கைதேர்ந்தவர்களுக்குச் சில நிமிட வேலை.

போலி நாணயம் என்றதும் பலரும் நினைப்பது மட்டமான உலோகத்தைத்தான். அதைக் கண்டுபிடிப்பது எளிது. 1835-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நாடு முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தபோது நிர்ணயித்த எடை 11.66 கிராம். அதில் வெள்ளி 91.7 சதவீதம். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்படும் வரை இதுதான் அளவு. வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் சந்தேகமே வேண்டாம். (1947-ன் நிக்கல் ரூபாய் ஒட்டும். அது குற்றமல்ல.)

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. மில்லிகிராம் காட்டும் நகைக்கடைத் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டிய காசை அடியில் தட்டாமல் முழுக்க மூழ்கவிட வேண்டும். அசல் ரூபாய் என்றால் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். அதே எடையுள்ள, வெள்ளி முலாம் பூசிய செம்பு என்றால் 1.3 கிராம். அச்சில் அடிக்காமல் உருக்கி வார்த்த காசின் பரப்பில் நுண்துளைகளும் விளிம்பில் ஒட்டுக் கோடும் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், தேதி திருத்திய ரூபாய் இத்தனை சோதனைகளிலும் தேறிவிடும். எடை சரி, வெள்ளி சரி, மன்னர் முகமும் சரி. ஆனால் சாட்சி அந்தக் காசிலேயே இருக்கிறது. 1939-ல் இரண்டு ஒன்பதுகள். இரண்டாவது இலக்கமான 9 அச்சில் விழுந்தது; அதன் வளைவோடும் வாலோடும் கடைசி 9-ஐப் பத்து மடங்கு பெரிதாக்கி ஒப்பிட வேண்டும். சுற்றிலும் சுரண்டிய கீறலோ, அக்கம்பக்கத்தோடு சேராத பளபளப்போ இருந்தால் கதை முடிந்தது.

இன்னொரு வகை, மூலமே இல்லாத போலி. ராமர் பட்டாபிஷேகம், அனுமார், 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று பொறித்த செம்புக் காசுகள் கோடி ரூபாய் பெறும், அரிசியை இழுக்கும் என்று சொல்லி விற்கப்படுகின்றன. கம்பெனியின் சென்னைப் பகோடாக்களில் தெய்வ உருவம் உண்டு என்பது நிஜம். ஆனால் அவை சின்னஞ்சிறு தங்கக் காசுகள். ராமர் படம் போட்ட செம்பு அணாவைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. இதை நம்பிச் சேமிப்பை இழந்தவர்கள் ஏராளம். பழைய காசுகளை விற்றுத் தருவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

அசலைக் கெடுப்பவர்களும் உண்டு. புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்த காசுக்குச் சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு சரிந்துவிடும். காசுமாலையில் கோத்த ரூபாய் என்றால் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும். அதை மறைத்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மண்ணுக்கடியில் கிடைத்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டரிடம் தெரிவிக்கச் சொல்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது 1972-ம் ஆண்டுச் சட்டம்.

சோர் பஜாரில் வாடிக்கையாளர் கண்ணாடியை மடக்குகிறார். கடைசி 9-க்கு வால் கொஞ்சம் குட்டை. அவர் காசைத் தட்டிலேயே வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு 1938-ஐ வெள்ளி விலைக்குப் பேரம் பேச ஆரம்பிக்கிறார். அதில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.