எந்த ஆட்சியிலும் திறந்திருக்க வேண்டிய சந்தை

சிறுகீரை விதைத்து இருபத்தைந்து நாளில் பறிப்புக்கு வந்துவிடும். முந்தின நாள் சாயங்காலம் பறித்து, மண் போக அலசி, கட்டுக் கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி வைத்தால் மறுநாள் காலைவரை தாங்கும். வெயில் ஏறினால் கட்டு துவண்டுவிடும். துவண்ட கீரையை எந்த விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். திருநின்றவூர், பெரியபாளையம் பக்கத்திலிருந்து ஆவடிக்குக் கீரையும் காயும் கொண்டுவரும் விவசாயிக்கு இது தினசரிக் கணக்கு. அவர் கேட்பது பெரிய உதவி ஒன்றுமில்லை. இன்றைக்கு இருந்த இடம், இன்றைக்கு இருந்த தராசு, அடுத்த பறிப்புக்கும் இருக்குமா என்பதுதான் அவர் கேள்வி.

ஆவடியில் பருத்திப்பட்டிலும், பக்கத்தில் அம்பத்தூரிலும் நரவாரிக்குப்பத்திலும் உழவர் சந்தைகள் அமைந்தது இந்தக் கேள்விக்கான பதிலாகத்தான். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். இரண்டே ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட சந்தைகள் தமிழகம் முழுக்க வந்துவிட்டன.

சந்தையின் உயிர் அதன் விலைப் பலகையில் இருக்கிறது. விடியும் முன்பே வேளாண் விற்பனைத் துறை ஊழியர்கள் மொத்த மார்க்கெட் விலையையும் வெளிக்கடைச் சில்லறை விலையையும் விசாரித்து, இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை கட்டுவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல், சில்லறையைவிட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. கத்தரி, வெண்டை, முருங்கை என்று வரிசையாகப் பலகையில் எழுதிவிட்டால் அன்றைக்கு அதுதான் விலை. கடைக்கு வாடகை கிடையாது, தரகு கிடையாது. எலக்ட்ரானிக் தராசு இலவசம். விளைவிப்பவர்தான் என்று சரிபார்த்துக் கொடுத்த, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை இருந்தால்தான் உள்ளே உட்கார முடியும். வியாபாரி விவசாயி வேடத்தில் நுழையாமல் காப்பது அந்த அட்டைதான்.

2001-ல் ஆட்சி தி.மு.க.விடமிருந்து அ.தி.மு.க.வுக்கு மாறியது. திட்டம் கவனிப்பாரற்றுப் போனது. பல ஊர்களில் கடைகள் காலியாயின, அட்டை சரிபார்ப்பு தளர்ந்தது. 2006-ல் பழைய ஆட்சி திரும்பியதும் சந்தைகளுக்கு மறுபடி உயிர் வந்தது, புதியவையும் சேர்ந்தன. 2011-ல் மீண்டும் மாற்றம். 2013-ல் கூட்டுறவுத் துறை மூலம் பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகள் வந்தன. அதுவும் நல்ல யோசனைதான். ஆனால் ஏற்கெனவே இருந்த சந்தையோடு அதைச் சேர்த்து வளர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. 2021-ல் வந்த முதல் தனி வேளாண் பட்ஜெட்டில் 50 உழவர் சந்தைகளைப் புனரமைப்பதாகவும் 10 புதிய சந்தைகள் திறப்பதாகவும் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் புனரமைக்கும் அளவுக்கு அவற்றைச் சிதையவிட்டது யார்? இதற்கு இரண்டு பெரிய கட்சிகளும் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். நம் உழவர் சந்தைக்குப் பத்து மாதம் முன்பு, 1999 ஜனவரியில், சந்திரபாபு நாயுடு ஆந்திராவில் ரைத்து பஜார்களைத் தொடங்கினார். 2004-ல் அவரைத் தோற்கடித்து வந்த ராஜசேகர ரெட்டி அவற்றை மூடவில்லை. மாநிலமே இரண்டான பிறகும் இரு பக்கமும் அவை நடக்கின்றன. அவ்வளவு தூரம் போவானேன்? நம் மதிய உணவுத் திட்டம் இல்லையா? காமராஜர் தொடங்கினார், எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், கருணாநிதி முட்டை சேர்த்தார். பிள்ளைகளின் தட்டில் கை வைக்க எந்தக் கட்சிக்கும் துணிவு வராது. உழவரின் தராசுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை?

இந்தக் கேள்வியைக் கேட்க ஆவடிக்குத் தனி உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1955 ஜனவரியில் யு.என்.தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது இந்த ஊரில்தான். அடுத்த சில ஆண்டுகளில் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும் மாநிலக் கிடங்குக் கழகமும் வந்தன. 1959-ல் விளைபொருள் சந்தைச் சட்டம், 1970-ல் மாநில வேளாண் விற்பனை வாரியம், 1987-ல் திருத்திய ஒழுங்குமுறைச் சட்டம். காங்கிரஸ், தி.மு.க., அ.தி.மு.க. என்று மூன்று கட்சிகளும் மாறி மாறிக் கட்டிய கட்டடம் இது. ஆவடியில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகள் இன்றும் ஓயாமல் இயங்குகின்றன. நெல்லுக்கும் அரிசிக்கும் கிடைத்த அந்தத் தொடர்ச்சி கீரைக்கும் கத்தரிக்கும் கிடைக்கவில்லை.

2020-ல் கொரோனா கோயம்பேட்டை மூடியபோது மொத்தக் காய்கறிச் சந்தை திருமழிசைக்கு வந்தது. மழையில் சேறும் வெயிலில் புழுதியுமாக, ஆவடிக்குப் பக்கத்திலேயே பல மாதம் நடந்தது. ஒரே பெரிய சந்தையை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போது கண்ணெதிரே பார்த்தோம். ஊருக்கு ஊர் சிறிய சந்தைகள் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு எவ்வளவு உதவியிருக்கும்!

இந்தச் சந்தைகளைக் கவனிக்கும் வேளாண் விற்பனைக் குழுக்களுக்கு விவசாயிகளைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. நடைமுறையில் தனி அலுவலர்களே நெடுங்காலமாக நடத்தி வருகிறார்கள். ஆட்சி மாறும்போது சந்தைக்காகப் பேச அங்கே யாரும் இல்லாமல் போவதற்கு இதுவே காரணம். அந்தத் தேர்தலை நடத்துங்கள். உழவர் சந்தைக்கான ஆண்டுச் செலவை அமைச்சரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை ஆவடியில் வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர் எந்தக் கட்சியானாலும், பருத்திப்பட்டு சந்தையை என்ன செய்வீர்கள் என்று வாசகர்கள் கேளுங்கள்.