குன்னூர்: மேல் ஊரும் கீழ் ஊரும்
நீங்கள் நிற்பது கீழ் குன்னூர். சந்தை, பேருந்து நிலையம், வர்க்கி மணக்கும் பேக்கரிகள் எல்லாம் இந்தப் பள்ளத்தில்தான். பங்களாக்களும் தேவாலயங்களும் 1874-இல் உருவான சிம்ஸ் பூங்காவும் மேட்டில். வெள்ளைக்காரர்கள் குளிருக்காக மேட்டைப் பிடித்துக்கொண்டார்கள். வியாபாரம் கீழே வளர்ந்தது. ஊரின் இந்த இரட்டை முகம் இன்றும் மாறவில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் ரயில் இங்கே ஏறியது. ஊட்டியை எட்ட 1908 ஆனது. அதுவரை ரயிலில் மலைக்கு வந்தவர்களெல்லாம் குன்னூரில் இறங்கித்தான் மேலே போனார்கள். கல்லாறு முதல் இங்கு வரை இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விப் பிடிக்கும். ஏற்றத்தில் நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது.

சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1907-இல் தொடங்கியது. அதற்கு முன் வெறிநாய் கடித்தால் சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் கசௌலிக்கு ஓட வேண்டும். வெறிநோய் அவ்வளவு நாள் காத்திருக்காது! வெறிநோய்த் தடுப்பூசியை உருவாக்கிய பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டரின் பெயர் இந்த மலைக்கு வந்த கதை இதுதான்.

வியாபாரம் வளர்ந்த இவ்வூரில் தேயிலை ஏலமும் 1963 முதல் நடக்கிறது.

ஊட்டி ரயிலுக்கு இங்கே எஞ்சின் மாற்றுவார்கள். ரயிலில் போனால் இறங்கிப் பாருங்கள், தண்டவாளத்தில் மட்டும் கால் வைக்காதீர்கள்.